விழிஞ்ஞத்தில் புரண்டு கிடந்த கல்

காலை 5.52. விழிஞ்ஞத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் தெரிந்தவை புதிய துறைமுகத்துக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள். கடல் இன்னும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. திருவனந்தபுரம் கிழக்கேக்கோட்டையிலிருந்து இங்கே பதினாறு கிலோமீட்டர். சாலையோரக் கடையில் சாயா பன்னிரண்டு ரூபாய்.

வலியசாலையிலிருந்து ஒரு வேனில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கடல் நன்றாக வற்றும் காலையில், மாதம் ஒருமுறை, ஓர் இயற்கை மன்றம் நடத்தும் பாறைக் கடற்கரை வகுப்பு இது. வெளியாட்களும் இருநூறு ரூபாய் கட்டிச் சேரலாம், சேர்ந்தேன். நடத்துபவர் ரெஜினா டீச்சர், மார்த்தாண்டத்துக்காரர், கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறார்.

"தொடலாம், எடுக்கக் கூடாது. கல்லைப் புரட்டினா, எப்படி இருந்துதோ அப்படியே திருப்பி வைக்கணும், கேட்டோ? அது ஒருத்தரோட கூரை. விசில் ஊதினா எல்லாரும் கரைக்கு ஏறிடணும்."

6.20. நீர் விலகிய பாறைகளுக்குள் இறங்கினோம். இருபது அடி நடக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. விரலை அருகில் கொண்டுபோனதும் இதழ் மூடிய கடல் சாமந்தி. யாரோ விட்டுப்போன சங்கைச் சுமந்துகொண்டு ஓடிய நண்டு. "இங்கே வாங்கோ!" என்று நாலு பக்கமும் கூச்சல். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன்.

7.10. விசில். கரையில் பிள்ளைகள் எழுதிய குறிப்புத் தாள்களைப் படித்துக்கொண்டே வந்த டீச்சர், கோமதி என்ற பெண்ணின் தாளில் நின்றார். "கல்லின் அடியில் மஞ்சள் பொட்டுகள், நூறுக்கு மேல். பக்கத்தில் கட்டைவிரல் நீள மீன். விரட்டியும் போகவில்லை."

"மோளே, இது முட்டை. அந்த மீன் காவலுக்கு நிக்கிற அப்பன். கல்லைத் திருப்பி வெச்சியா?"

கோமதி பாறைகளைத் திரும்பிப் பார்த்தாள். தோழி வர்ஷா சொன்னாள்: "நண்டுன்னு நான் கத்தினேன் டீச்சர். அவ அப்படியே போட்டுட்டு ஓடி வந்துட்டா."

"மறந்துட்டேன்" என்றாள் கோமதி. கண் நிறைந்துவிட்டது.

முட்டைகள் வானம் பார்த்துக் கிடக்கின்றன. வெயிலில் காயும்; காய்வதற்குள் நீர் ஏறினால் மற்ற மீன்கள் தின்றுவிடும். கடல் ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருந்தது.

"பத்து நிமிஷம். நான், கோமதி, சார். மத்தவங்க இங்கேயே நில்லுங்க" என்று என்னையும் கூப்பிட்டார் டீச்சர்.

சிப்பி எடுக்க முங்குபவரான பீட்டர், வலைப்பையோடு பாறையில் உட்கார்ந்திருந்தார். "எந்தா மோளே, மோதிரம் போச்சா?"

"மீன் முட்டை, மாமா."

"முட்டை கடையில கிட்டுமே!"

கோமதி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர் எழுந்து நீரோரம் போய், கடலைப் பார்த்து நின்றார். "அலையை நான் நோக்கிக்கறேன். நீங்க கல்லை நோக்குங்க."

நூற்றுக்கணக்கான கற்கள். நானும் டீச்சரும் குனிந்து மஞ்சளைத் தேடினோம். ஐந்து நிமிடம் போயிற்று. கோமதி தேடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"டீச்சர், மஞ்சளைத் தேடாதீங்கோ. எல்லாக் கல்லுக்கும் மேல பாசி இருக்கு. நான் புரட்டினதுல இருக்காது. வெளுப்பாத் தெரியும்."

நானும் நிமிர்ந்தேன். பச்சைக் கற்களுக்கு நடுவே, எட்டடி தூரத்தில், ஒரே ஒரு வெளுத்த முதுகு. பாய்ந்தோம்.

"வருது! பிடிச்சுக்கோ!" பீட்டர் கத்தினார். முழங்கால்வரை ஏறிய நீர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்ற எங்களைச் சுற்றிவிட்டு வடிந்தது. மஞ்சள் பொட்டுகள் கல்லில் ஒட்டியபடியே இருந்தன. பக்கத்துக் குழியில், உள்ளங்கை ஆழத் தண்ணீரில், புள்ளி போட்ட மீன் நகராமல் நின்றது.

கோமதி இரு கையாலும் கல்லின் விளிம்பைப் பிடித்து மெல்லக் கவிழ்த்தாள். மீன் ஒரு சுற்றுச் சுற்றி அடியில் நுழைந்தது.

கரையிலிருந்த பதினொரு பேரும் போட்ட கூச்சலில் டீச்சரின் இரண்டாவது விசில் யாருக்கும் கேட்கவில்லை.

7.44-க்குக் கடல் அந்தக் கல்லை மூடியது.