புதுத்தண்ணிக்குக் காத்திருந்த பகல்

என் அக்கா யாரிடமும் உதவி கேட்கிறவள் அல்ல. கட்டளை போடுகிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணி, "மச்சான ஆத்துக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு அவுங்க வாயில இருந்து வர வெச்சுட்டு அப்பறம் ஊட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

மச்சானுக்கு, அதாவது அவள் வீட்டுக்காரருக்கு, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு மேலாக வாரத்தில் மூன்று நாள் பாலக்காட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. மறுநாள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, இனிமேல் போவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். தென்னைக்கு இந்த வருஷம் உரம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாராம். நிறுத்தினால் ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் என்று டாக்டர் அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தார். அதனால்தான் என்னைப் பிடித்தாள். நான் சொன்னால் அவர் கேட்பார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. என் பேச்சை என் வீட்டு நாயே கேட்பதில்லை.

நானும் மச்சானும் தூண்டில் தூக்க ஆரம்பித்தது அவர்கள் கல்யாணம் முடிந்த மறுமாதம். பாலக்காட்டை ஒட்டிய எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் பண்ணையம் பார்க்கிறவன் தூண்டிலோடு ஆற்றில் உட்கார்ந்தால் வேலைவெட்டி இல்லாதவன் என்று பேர். அந்தப் பேரை நாங்கள் இருவரும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். ஆற்றுக்குப் போனால் முதல் சண்டை எங்கே உட்காருவது என்பதில் வரும், இரண்டாவது சண்டை எப்போது எழுந்திருப்பது என்பதில். எனக்குப் பொறுமை கிடையாது. தக்கை கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றால் அந்த இடத்தில் மீனே பிறந்ததில்லை என்று எனக்குத் தோன்றிவிடும். அவரோ மருதமலைப் படிக்கட்டில் உட்கார்ந்த ஆண்டி மாதிரி அசையமாட்டார்.

அன்றைக்கும் சண்டை காரிலேயே தொடங்கியது. நான் தடுப்பணைக்குக் கீழே போகலாம் என்றேன். அங்கே ஜிலேபிக் கெண்டைதான் கிடைக்கும், குடித்துவிட்டுப் போட்ட பாட்டில்கள் காலைக் கிழிக்கும். ஆனால் தார்ரோட்டுக்குப் பக்கம். அவருக்கு மயக்கம் வந்தால் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடலாம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஜிலேபி புடிக்கறதுக்கு ஆறு எதுக்கு மாப்ளே? சந்தையில வாங்கிக்கலாமே" என்றார்.

பாலத்தடி மடுவில் விரால் உண்டு, ஆனால் இறங்குகிற பாதை செங்குத்து. முன்பெல்லாம் என்னை முந்திக்கொண்டு இறங்கியவர் இப்போது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "மருத மரத்து வளைவுக்குப் போ" என்றார்.

வளைவில் அப்போது தண்ணீர் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கோடையில் ஆறு துண்டு துண்டாகக் கிடந்தது. மருத மரத்துக்குக் கீழே ஒரு குட்டை, அப்புறம் மணல், அப்புறம் ஆகாயத்தாமரை. அங்கே எதற்கு என்று கேட்டேன். அவர் போனை நீட்டினார். எங்கள் வயல்காரர்களின் குழுவுக்கு இங்கே பாடசேகரம் என்று பெயர். அதன் வாட்ஸ்அப்பில் காலையிலேயே தகவல் வந்திருந்தது: மேலே அணையில் தண்ணீர் திறந்தாயிற்று.

காய்ந்த ஆற்றில் புதுத்தண்ணி வரும்போது முதலில் நுரையும் சருகும் வரும். அதன் பின்னால் கலங்கல் வரும். கலங்கல் வாசம் பட்டதும் குட்டைகளில் முடங்கிக் கிடந்த கெண்டையும் கெளுத்தியும் எதிர்த்து ஏறும். ஏறுகிற மீன் வளைவில் ஓடை சேருகிற வாயில் ஒதுங்கும். அங்கே அந்த நேரத்துக்கு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேட்டை. மீன் இப்போது இருக்கிற இடத்தில் உட்காருவது என் வழி, வரப்போகிற இடத்தில் உட்காருவது அவர் வழி. சாகப்போகிறேன் என்று முந்தின நாள் சொன்ன மனுஷன் இதையெல்லாம் இவ்வளவு யோசிக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். காரை வளைவுக்கு விட்டேன்.

மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. செருப்பைக் கழற்றிவிட்டுக் குட்டையில் காலை வைத்துக்கொண்டார். அக்கா ஒரு சின்ன பிளாஸ்கில் ஐஸ்கட்டி கொடுத்துவிட்டிருந்தாள். அவருக்குத் தண்ணீர் அளவுதான். தாகம் பொறுக்காவிட்டால் ஒரு கட்டியை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். சொந்தத் தோப்பில் இத்தனை தென்னை வைத்திருக்கிறவர், இளநீர் ஒரு மடக்குக் குடிக்கக் கூடாது. கடவுள் என்கிற ஆள் எங்கள் பக்கத்துக்காரராக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

எங்கள் ஜனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய விஷயத்தை நேராகக் கேட்கமாட்டோம். பெண் கேட்கப் போனால்கூட முதலில் மழையைப் பற்றிப் பேசி, மாட்டைப் பற்றிப் பேசி, காபி குடித்து எழுந்திருக்கிற நேரத்தில்தான் வந்த காரியம் வெளியே வரும். நானும் அப்படியே ஆரம்பித்தேன். தேங்காய் விலை, தென்னையில் விழுந்த வெள்ளை ஈ, மயில் வந்து நெல்லைத் தின்றது. எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டினார். தக்கை ஆடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவரே சொன்னார். "உங்கக்கா என்னத்துக்கு அனுப்பிச்சான்னு எனக்குத் தெரியும். நீ மயிலப் பத்திப் பேசிட்டு இருக்கறே."

நான் தூண்டிலைத் தூக்கிப் புழு இருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார். "பொழுதெறங்கறதுக்குள்ள தண்ணி வந்து மீனு ஏறுச்சுன்னா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன். வரலீன்னா யாரும் என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்கக்காகிட்ட நீதான் சொல்லோணும்."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சரிங்க மச்சான்" என்றேன். காலையில் திறந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் எங்கள் ஆற்றைத் தொட்டுவிடும். இது இங்கே வரப்பில் நிற்கிற எல்லாருக்கும் மனப்பாடமான கணக்கு. அவருக்கும் தெரியும். தோற்கிறதற்காகவே பந்தயம் கட்டுகிறார், வீம்பை விட்டு இறங்க ஒரு படிக்கட்டுத் தேடுகிறார் என்று நான் நினைத்தேன்.

தண்ணீர் திறந்த நாளில் இங்கே எல்லாருக்கும் ஒரே வேலை, ஆற்றுக்கு மேல்கையில் இருக்கிற சொந்தக்காரனுக்குப் போன் போடுவது. எனக்கு மேல்கையில் பெரியம்மா மகன் ஒருவன் இருக்கிறான். கூப்பிட்டேன். "எங்க தோட்டத்துக்குக் கீழ வந்துட்டுதுங்க. நல்லா நொரையோட போகுது" என்றான். எனக்குக் காரியம் முடிந்த மாதிரி இருந்தது. மச்சானிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் புழுவை மாற்றிக் கோத்தார்.

மத்தியானம் வந்தது. தண்ணீர் வரவில்லை. அக்கா கட்டிக் கொடுத்த சோற்றை நான் தின்றேன். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தார். குட்டையில் இருந்த ஒரு கெளுத்திக் குஞ்சு அவர் தூண்டிலில் மாட்டியது. முள் கையில் குத்தாமல் விரலிடுக்கில் பிடித்துக் கழற்றித் திரும்ப விட்டார். வழக்கமாக அந்த நேரத்தில் நான் எழுந்து, இடம் மாற்றலாம் என்று கத்த ஆரம்பித்திருப்பேன். அன்றைக்கு அவரைவிட அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்துவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

மறுபடி போன் போட்டேன். அப்போதுதான் பெரியம்மா மகன் சொன்னான். "வழியில பூராவும் மணலு வாரின குழியா இருக்குதல்லங்க. அது நெறஞ்சாத்தானே கீழ வரும்?"

நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு ஆற்றில் மணல் இருந்த காலத்துக் கணக்கு. இப்போது ஆற்றின் நடுவில் ஆள் உயரக் குழிகள். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த குழி ஒவ்வொன்றும் வாயைத் திறந்து முதல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தக் குழிகளைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். இருந்தாலும் வாயில் வருவது பழைய கணக்குதான். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷனின் உயிரை அந்தக் கணக்கில் வைத்து "சரிங்க மச்சான்" என்று சொல்லியிருக்கிறேன்.

"வந்துட்டு இருக்குதாமா?" என்று கேட்டார்.

"வந்துட்டு இருக்குதுங்க" என்றேன்.

வெயில் இறங்கியது. எதிர்க்கரையில் மேய்ந்த எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆற்றின் மேல்பக்கம் மணல் அப்படியே வெளுத்துக் கிடந்தது. ஒரு ஈரக்கோடுகூட இல்லை. அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. பேசும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பிளாஸ்கில் ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் மூடினார். பொழுது பனங்காட்டுக்குப் பின்னால் போனதும், நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

"இன்னும் அரை மணி நேரம் இருக்கலாமுங்க" என்றேன்.

"போலாம் மாப்ளே."

"கண்டிப்பா வந்துருமுங்க. வெளிச்சம் இருக்குதல்லங்க இன்னும்."

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தூண்டிலைத் தூக்கி மணலில் அடித்துவிட்டுக் கத்தினேன். என்ன வெளையாட்டு இது, தண்ணி வந்தா உசுரு, வரலீன்னா சாவா, எங்கக்காவுக்கு வேற யாரு இருக்கறா, அவளப் பத்தி ஒரு நாளாவது நெனச்சீங்களா என்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

அவர் நூலைச் சுற்றி முடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அவளுக்கு வேண்டித்தான் இத்தன நாளும் போனேன். ஊசி குத்தறதுக்குக் கையில எடமில்ல. போயிட்டு வந்தா மறுநாள் முச்சூடும் படுக்க, எந்திரிச்சா மறுக்காப் போக. இனி ஊட்டுல இருக்கட்டுமா மாப்ளே?"

அவர் என்னைவிடப் பெரியவர். என் அக்காவைக் கட்டியவர். ஒரு நாளும் எதற்கும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. "இருக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் ஜெயித்தவர் கேட்கிற மாதிரி இல்லை அது. நான் "இருங்க மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது? இன்றைக்கு வரைக்கும் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து, மாட்டுக் கொட்டகைப் பக்கத்தில் நிறுத்தி அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விடிவதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது. மீன் ஏறுகிறது என்று ஊரே கூடையும் வலையுமாக ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் மச்சான் நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டாம் நாளே நினைவு வருவதும் போவதுமாக ஆயிற்று. அக்கா ராத்திரி பகலாகக் கட்டிலோரத்தில் இருந்தாள். ஆள் அடையாளம் தெரிகிற நேரத்தில் பேசலாம் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சாயங்காலம் நான் போனபோது என்னை வெளியே வரச் சொன்னாள். ஆற்றில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

"காத்தால போனது. பொழுதெறங்கற வரைக்கும்" என்றேன்.

"அவ்வளவு நேரமும் பேசிட்டு இருந்தாங்களா?"

"பேசிட்டு இருந்தாங்க அக்கா."

"நல்லாப் பேசுன ஒரு பகலு இருந்துச்சு" என்றாள். "அத உன்கிட்டக் குடுத்து அனுப்பிச்சுட்டேனேடா."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.