உயிர்த்தெழுந்தவருக்கும் பறை

இன்று காலை அரூர் பஸ்ஸில் எங்கள் சபைச் செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தச் சபைக்கு நான்தான் போதகர். பாட்டும் நானே எழுதிப் பாடுகிறேன்.

"பாஸ்டர், உங்க புதுப் பாட்ட யூடியூப்ல பாத்தேங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா ஈஸ்டருக்கு அந்தப் பறை வேணாங்க. சாவு வூட்டுல அடிக்கறத ஆலயத்துக்குள்ள கொண்டாந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? கீபோர்டு போதுங்க."

பாட ஆரம்பித்த நாளிலிருந்து இதையே கேட்கிறேன். இதற்காகவே இரண்டு சபைகளை விட்டு வந்தவன் நான்.

"எங்கப்பா எத்தனையோ சாவுக்கு இதே பறைய அடிச்சாருங்க. ஒருத்தருகூட எந்திரிச்சு வரல. எந்திரிச்சு வந்தவரு ஒருத்தருதான். அவருக்கு நான் அடிக்கக் கூடாதுங்களா?"

மொரப்பூரில் இறங்கும்போது செயலாளர், "கமிட்டில பேசிக்கலாங்க" என்றார்.

தாராளமாகப் பேசுங்கள். ஞாயிறு விடியற்காலை ஆலய வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, தோல் விறைக்கப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

தடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் முன்னாடியே வாருங்கள். தீ மூட்ட ஆள் தேவைப்படுகிறது.