தம்பி பேரில் போட்ட பணம்

என் தம்பிக்குப் பதினெட்டு வயது முடிந்ததை ஞாபகம் வைத்திருந்தது பேங்க் மட்டும்தான். எங்கள் வீட்டில் பிறந்தநாள் பார்க்கிற பழக்கம் இல்லை. பேங்கில் இருந்த கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருந்து, அந்தத் தேதி தாண்டியதும் கதவைச் சாத்திவிட்டது. அதுவரை அவன் டெபாசிட்டுக்குக் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டுவந்த அம்மா, ஒரே நாளில் வேற்று மனுஷி ஆகிவிட்டாள். இனிமேல் பையனே வர வேண்டும், பையனே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அது எங்கள் அப்பா குவைத்தில் சம்பாதித்த பணம். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த வருஷங்களில் குவைத்துக்கோ பெங்களூருக்கோ ஆள் அனுப்பாத வீடு குறைவு. மற்ற வீடுகளில் மாடி எழும்பியது, மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எங்கள் வீட்டில் ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. அங்கே ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டு நைனா அனுப்பியதில் சாப்பாட்டுக்குப் போக மீதி அத்தனையும் தம்பி பேரில் டெபாசிட் ஆனது. எனக்கென்று ஒன்றும் போடவில்லை. பெண் படித்துவிட்டு எப்படியும் பிழைத்துக்கொள்வாள் என்பது அவர் எண்ணம். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நினைத்தபடியே திருப்பதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்து, ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்துபோகிறவளாக ஆனேன். அந்தச் சமயத்தில்தான் நைனா குவைத்திலேயே மாரடைப்பில் போனார்.

தம்பி பிறந்தவுடன் அழவில்லை. மூச்சு வர நேரமாகிவிட்டது. உடம்பு தன் பாட்டுக்கு வளர்ந்து மீசையும் முளைத்துவிட்டது, புத்தி மட்டும் இரண்டு மூன்று வயதிலேயே நின்றுபோனது. அம்மா, சோறு, லாரி, இன்னும் நாலைந்து சொல். அவனை யாராவது லூசு என்று சொல்லிவிட்டால் அம்மா அந்த வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். "அவன் மெதுவா கத்துக்குவான்" என்பாள். பதினெட்டு வருஷமும் அதையே சொன்னாள்.

லாரிதான் பிரச்சினை. எங்கள் ஊரை ஒட்டிப் போகும் சென்னை ரோட்டை அகலப்படுத்தியதும் கிரானைட் ஏற்றியவை, மணல் ஏற்றியவை, கன்டெய்னர்கள் என்று ராத்திரி பகல் ஓயாமல் ஓடின. அந்தச் சத்தம் கேட்டால் தம்பி எழுந்து ஓடுவான். ரோட்டோரம் நின்று கையை ஆட்டி "லாரி, லாரி" என்று கத்துவான். சில நாள் ரோட்டுக்குள்ளேயே இறங்கிவிடுவான். அம்மா மாங்காய் சீசனில் ஜூஸ் பாக்டரிக்கும் மற்ற மாதங்களில் களை எடுக்கவும் போக வேண்டும். அதனால் பழைய புடவையைக் கிழித்து அவன் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போவாள். திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்து, காலில் சிவந்த இடத்துக்கு எண்ணெய் தடவுவாள். நான் ஊருக்கு வருகிற நாளில் அந்தத் துணியைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

வீட்டைச் சுற்றி ஒரு மதில், ஒரு இரும்பு கேட். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது. அது இருந்தால் அவன் முற்றத்தில் தன் இஷ்டத்துக்கு நடக்கலாம், கட்ட வேண்டியதில்லை. அதற்கான பணம் அவன் பேரிலேயே பேங்கில் தூங்கியது.

பேங்க் மேனேஜர் கெட்டவர் இல்லை. குண்டூர்ப் பக்கத்து மனிதர், இளவயது. தம்பியை உட்காரவைத்துப் பேனாவைக் கொடுத்தார். அவன் அதை வாயில் வைத்துக் கடித்தான். விவரம் தெரியாத பையனிடம் கட்டைவிரல் ரேகை வாங்கிப் பணம் கொடுத்தால், நாளை யாராவது கேட்டால் தன் வேலை போய்விடும் என்றார். சித்தூர் கலெக்டர் ஆபீஸில் இதற்கென்று ஒரு கமிட்டி இருக்கிறது, அங்கே போய் அம்மாவைக் கார்டியன் என்று ஆர்டர் வாங்கி வாருங்கள், அதற்கு முதலில் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும் என்று வழியும் சொன்னார்.

சர்ட்டிபிகேட் கொடுக்கும் முகாம் திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் கடையில் சொல்லிவிட்டு நேராக அங்கே போனேன். தம்பியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியில் விபூதி இட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டிருந்தாள் அம்மா. ஆபீசர் முன்னால் பிள்ளை நல்லபடியாக நிற்க வேண்டுமாம். அதோடு விட்டாளா? டாக்டர்கள் தெலுங்கில்தான் கேட்பார்கள் என்று, பேர், அப்பன் பேர், ஊர் மூன்றையும் தெலுங்கிலேயே சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒவ்வொரு தடவை சரியாகச் சொன்னதற்கும் ஒரு கடலை மிட்டாய். இது எனக்கு அங்கே வரிசையில் நிற்கும்போதுதான் தெரிந்தது. தமிழிலேயே பத்து வார்த்தை பேசாத பிள்ளை அன்றைக்கு டாக்டர் முன்னால் கையைக் கூப்பி, "நா பேரு" என்று ஆரம்பித்து மூன்றையும் தடுமாறாமல் ஒப்பித்தான்.

எங்களுக்குப் பின்னால் வரிசை பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் நின்றது. டாக்டர் நிமிர்ந்து, "தெலுகு கூடா பாகா வஸ்துந்தே" என்று சிரித்தார். தெலுங்கும் நன்றாக வருகிறதாம். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் பத்தாவது பாஸானபோதுகூட அவள் அப்படிப் பூரித்ததில்லை. இரண்டு பாஷை பேசுகிற பையன் என்று குறைவான சதவீதத்தை எழுதி, லேசான குறைபாடு என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் போனோம். லேசான குறைபாடு உள்ளவர்களுக்குக் கார்டியன் தேவையில்லை, அவர்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. சரி, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று மறுபடி பேங்குக்கு வந்தோம். மேனேஜர் சர்ட்டிபிகேட்டைப் படித்துவிட்டு, இந்தப் பணத்தை என்ன செய்யப் போகிறாய் என்று தம்பியைக் கேட்டார். தம்பி கையைக் கூப்பி, பேர், அப்பன் பேர், ஊர் சொன்னான். மிட்டாய்க்குக் கையை நீட்டினான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு முடியாது என்றார். ஆக சித்தூரில் அவன் விவரமான பிள்ளை, பேங்கில் அவன் ஒன்றும் தெரியாதவன். பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் ஒருவனுக்குப் புத்தி வந்து போகுமா? எனக்கு யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்குத் தோதான ஆள்தான் கிடைக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் தம்பி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டான். கன்டெய்னர் லாரிக்காரன் பிரேக் போட்டு நிறுத்திய சத்தம் ஊருக்குள் கேட்டதாம். இறங்கி வந்து, பயத்திலோ கோபத்திலோ, தம்பியைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். அதன் பிறகு அம்மா இரண்டு காலையும் கட்ட ஆரம்பித்தாள். இந்த முறை துணியை ஒளிக்கவில்லை. நான் வந்தபோது பாய்மேலேயே கிடந்தது.

அடுத்த முகாமுக்கு அம்மா எப்போது முடிவெடுத்தாள், யாரைக் கேட்டாள், எதுவும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வாரம் நான் ஊரில் இருந்ததால் மூவருமாகக் காலை பஸ்ஸில் கிளம்பினோம். தம்பிக்குத் தலை வாரவில்லை. பித்தான் இல்லாத பழைய சட்டை. பஸ் ரேணிகுண்டாவைத் தாண்டியதும் அம்மா அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சும்போது அவனையும் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"நைனா, அங்க யாரு இன்னா கேட்டாலும் பேசக் கூடாது. பேசினா அம்மா செத்துப் பூடுவேன். தெரிதா?"

நான் அதட்டினேன். இதென்ன பேச்சு என்று கேட்டேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே, "வேற எப்படிச் சொன்னா இவன் கேப்பான், நீ சொல்லு" என்றாள். செத்துப்போவது என்றால் என்ன என்று தம்பிக்குத் தெரியும். நைனாவைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியபோது பக்கத்தில் நின்று மூடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டவன் அவன். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அம்மா அதையே அவன் காதில் சொல்லிக்கொண்டு வந்தாள். பேசினா அம்மா செத்துப் பூடுவேன். பேசினா அம்மா செத்துப் பூடுவேன்.

இந்த முறை ஒரு பெண் டாக்டர். பொறுமைசாலி. பேர் கேட்டார், படம் காட்டினார், சாக்லெட் கொடுத்தார். தம்பி வலது கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு அம்மாவையே பார்த்தான். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பையனுக்கு என்னதான் தெரியும் என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

"வானிக்கி ஏமீ தெலீது மேடம்" என்றாள் அம்மா. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று. தம்பிக்குப் புரியக் கூடாது என்றுதான் தெலுங்கில் சொன்னாளோ என்னவோ. பதினெட்டு வருஷமாக யாரையும் சொல்லவிடாததைத் தன் வாயால் சொல்லிவிட்டு வெளியே வந்து, பள்ளிக்கூடத்துக் குழாயில் வெகுநேரம் வாய் கொப்பளித்தாள்.

பிறகு எல்லாம் நடந்தது. சர்ட்டிபிகேட்டில் தீவிரக் குறைபாடு என்று வந்தது. சித்தூரில் அம்மாவைக் கார்டியன் என்று ஆர்டர் போட்டார்கள். பேங்கில் அதே மேனேஜர் பணத்தை விடுவித்தார். தம்பியிடம் பேரைச் சொல்லச் சொன்னார், விளையாட்டாகத்தான். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். முன்பு நன்றாகச் சொல்வானே என்று அவர் வருத்தப்பட்டார். ஆபீஸ் என்றால் பயம், வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன்.

மதில் எழும்பியது. கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தோம். அம்மா கட்டுத் துணியை அடுப்பில் போட்டாள். தம்பி முற்றத்தில் கால் வீசி நடந்தான், மதிலில் சாய்ந்து வெயில் காய்ந்தான். ஆனால் பேசவில்லை. மூன்று தெலுங்கு வாக்கியம் போனது போகட்டும். சோறு வேண்டுமென்றால் தட்டைத் தொட்டுக் காட்டினான். மதிலுக்கு அந்தப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவான், கண் விரியும், உடனே கை வாய்க்குப் போய்விடும். அம்மா என்று கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அம்மா அவனை எதிரில் உட்காரவைத்தாள். கையில் கடலை மிட்டாய் இருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "நைனா, இப்ப பேசலாம். அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. அம்மா சாவ மாட்டேன். பேரு சொல்லு" என்று கெஞ்சினாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். மிட்டாயைத் தொடவே இல்லை. ஆரம்பித்துக் கொடுத்தால் சொல்வான் என்று நினைத்தாளோ என்னவோ, அவளே "நா பேரு" என்று தொடங்கினாள்.

அவன் பதறிப்போனான். ஒரு கை தன் வாயில் இருக்க, இன்னொரு கையை நீட்டி அம்மாவின் வாயைப் பொத்தினான். அவன் கை பெரியது, நைனா கையைப் போல. அம்மா விலக்கப் பார்த்தாள், இன்னும் அழுத்தினான். நான் போய் இழுத்தும் அசையவில்லை. அம்மா அழ ஆரம்பித்தாள். கண்ணீர் அவன் விரல்மேல் வழிந்தது. அப்போதும் அவன் கையை எடுக்கவில்லை.