அக்காவின் விரலில் சந்தனம்

என் அக்காவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெற்கத்தி ஊர் வண்ணாரப்பேட்டையில் ஒரு லாரி ஆபீசில் அவளுக்கு டெலிபோன் போர்டில் வேலை கிடைத்தது. வெளியிலிருந்து வரும் போனை எடுத்து, யாருக்கென்று கேட்டு, அவர் மேஜைக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே டிரைவர்கள் எல்லோரும் அவளுக்குத் தம்பிகளாகிவிட்டார்கள். பம்பாயிலிருந்து பேசுகிறவன், "அக்கா, அம்பாசமுத்திரத்துல மழை பெய்யுதா? நடவு ஆரம்பிச்சிட்டாவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் சரக்கு விஷயத்துக்கே வருவான்.

ஆபீஸ்காரர்களும் அவளுக்கு ஒரு குறை வைக்கவில்லை. அவள் மேஜையைத் தாண்டிப் போகும்போது ஆளுக்கொரு விதமாகத் தட்டிவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாக வந்த வழக்கம். கணக்கர் பேனாவால், மெக்கானிக் திருப்புளியால், மேனேஜர் அண்ணாச்சி மோதிரத்தால். அக்கா தலை நிமிராமலே, "வாங்க அண்ணாச்சி" என்பாள். வீட்டில் எங்களுக்குக்கூட அப்படிச் செய்யத் தோன்றியதில்லை.

பிறகு ஒவ்வொரு மேஜைக்கும் நேர் லைன் வந்தது. போர்டைக் கழற்றிவிட்டார்கள். வேலை போச்சென்று அம்மாவும் நானும் அழுதோம். அண்ணாச்சியே வீடு தேடி வந்தார்.

"எதுக்கு அழுவுதிய? அவ எங்க வீட்டுப் பிள்ளைல்லா. சம்பளம் எப்பவும் போல வரும். ஃபேனுக்கு நேரா நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். பைய வரட்டும், பைய போகட்டும்."

அக்கா மட்டும், "எனக்கு என்ன வேலை அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நீ சும்மா இரும்மா. இத்தன நாள் பட்ட கஷ்டம் போதாதா?"

அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வர மாட்டேன் என்கிறது. என் ஆத்திரமே அதுதான். வாய் நிறையத் திட்டுவதற்கு ஒரு கெட்டவனாவது இருந்திருக்கலாம். நாற்காலி போட்ட இடம் பின்னறை. அந்தப் பக்கம் யாருக்கும் சோலி கிடையாது. தட்டிவிட்டுப் போக மேஜையும் கிடையாது. அக்கா காலையில் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. லாரி ஆபீசுக்கு அதை விட்டால் வேறென்ன திருநாள்? எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே அவரவர் புழங்கும் பொருளுக்கு அவரவரே சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். டிரைவர் ஸ்டியரிங்குக்கு, மெக்கானிக் ஸ்பேனருக்கு, டைப் அடிக்கும் பெண் டைப்ரைட்டருக்கு. முந்தின வருஷங்களில் அக்கா போர்டைத் தடவித் தடவிப் பொட்டு வைப்பாள். ஒன்றுகூடக் கோணியிருக்காது.

சந்தனக் கிண்ணம் அவளிடம் வந்தது. பழக்கத்தில் விரலைத் தோய்த்துவிட்டாள். தோய்த்த பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். விரல் அந்தரத்தில் நின்றது.

"நாற்காலிக்கு வையும்மா" என்றார் அண்ணாச்சி.

அக்கா வைக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது பொரிப் பொட்டலத்தை மடியில் இடுக்கிக்கொண்டு, அந்த ஒரு விரலை மட்டும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வீடு வருவதற்குள் சந்தனம் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. வாசலிலேயே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையைப் பிடித்தேன்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"கழுவாதட்டி. இன்னும் எங்கயும் வைக்கலைல்லா."