மஞ்சள் கிண்ணங்களும் அக்காவின் கேள்வியும்

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் அடியில் வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணங்கள்தாம் முதலில் நினைவுக்கு வருகின்றன. சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தால், பூவென்று நம்பி வந்து விழும் பூச்சிகளை எண்ணலாம். களைக்கொல்லி அடித்தால் பூச்சி குறைகிறதா என்பதே என் முதுகலை ஆய்வு. செர்டாங் பக்கம் அடித்த தோட்டம் ஒன்று, அடிக்காத தோட்டம் ஒன்று. இரண்டிலும் வரிசை வரிசையாகக் கிண்ணங்கள். உடன் படித்த, என்னைவிடச் சற்று மூத்த அக்காவுக்கும் ஏறக்குறைய இதே ஆய்வுதான். இருந்த உதவித்தொகையோ ஒன்றே ஒன்று.

விரிவுரையாளர் முன் இருவரும் திட்டத்தை விளக்கினோம். எந்த முறையில் ஒப்பிடுவீர்கள் என்று என்னைக் கேட்டார். இரண்டு சராசரிகளையும் டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனையில் ஒப்பிடுவேன், கிண்ணங்கள் நிறைய இருக்கின்றன என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அதே கேள்விக்கு அக்கா சிரித்தார்.

"தெரியல டாக்டர். ஒரே தோட்டத்துக் கிண்ணமெல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும்? அத தனித்தனியா எண்ணலாமா?"

விரிவுரையாளர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்துபோய்ப் பலகையில் எழுதத் தொடங்கினார்: கிண்ணங்களைத் தோட்டவாரியாகக் கட்டிப் பார்க்கும் மிக்ஸ்ட் மாடல், அதற்கு இன்னும் பல தோட்டங்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட எத்தனை தோட்டம்?"

"ரெண்டு."

"அப்போ கிண்ணம் எத்தனை வச்சாலும் கணக்குக்கு ரெண்டுதான்."

உதவித்தொகை அக்காவுக்குப் போனது. கேண்டீனில் அக்கா தே தாரிக் தேநீரை என் பக்கம் தள்ளி, "என்ன தம்பி, மூஞ்சி உம்முனு இருக்கு? கேட்டா அவரு கடிச்சா வைப்பாரு? கேளு லா" என்றார். அவருக்கு எளிது. அவர் அப்பா பள்ளி ஆசிரியர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மகளோடு உட்கார்ந்து தேடுபவர். எங்கள் வீட்டிலோ மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தாலும், வங்கியிலிருந்து வந்தாலும், "படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு" என்று அப்பா என்னிடம்தான் நீட்டுவார். புரியாவிட்டாலும் ஏதாவது சொல்லியாக வேண்டும். உதவித்தொகையைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குப் பொறாமை. இன்னும் தீரவில்லை.

இப்போது பண்டார் பாரு பக்கம் ஒரு தோட்டத்தில் பூச்சிக் கணக்கெடுப்பு என் வேலை. போன வாரம் அக்காவிடமிருந்து செய்தி: "தம்பி, பாதிக் கிண்ணத்துல ஒண்ணுமே இல்ல, சிலதுல குவியலா கெடக்கு. எந்த மாடல் போடறது? மண்டை காயுது." முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர், கூச்சமே இல்லாமல் என்னிடம் கேட்கிறார். நெகட்டிவ் பைனோமியல் மாடலைப் பொருத்திப் பாருங்கள் என்று காரணத்தோடு எழுதினேன். அதன் கீழேயே என் சந்தேகத்தையும் தட்டினேன்: மாதாமாதம் அதே மரங்களில் எண்ணுகிற புழுக்களை எப்படி ஒப்பிடுவது? தோட்ட நிர்வாகியிடம் அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வரியைப் படித்துப் பார்த்தேன். அழித்துவிட்டு, பதிலை மட்டும் அனுப்பினேன்.

"கெட்டிக்காரன் லா தம்பி நீ" என்று உடனே வந்தது.