துடக்கு வீட்டிலிருந்து நடத்தின வேலை

புத்தூரில் எங்கடை பலகாரக் கொட்டிலில் ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். அதுக்கு நான்தான் பொறுப்பு. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அரிசி மாவைப் பாகில் குழைத்துச் சுடுகிற அரியதரத்துக்குப் பாகு பார்க்க என்னை விட்டால் இந்தப் பக்கத்தில் ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

பாகு இளகினால் அரியதரம் எண்ணெயில் கரைந்து போகும். இறுகினால் தின்னுகிறவரின் பல்லுப் போகும். ஆனபடியால் அந்த அடுப்புக்குக் கிட்ட நான் ஒருத்தரையும் விடுவதில்லை. எண்ணெய்ச் சட்டியில் நிற்கிறவள், என்னிலும் நாலைந்து வயதுதான் இளமை, தானும் பழகட்டோ என்று இரண்டு மூன்று தரம் கேட்டாள். நான் இருக்கேக்கை உனக்கேன் அந்தக் கரைச்சல் என்று அனுப்பிவிட்டேன்.

போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு அறுநூறு அரியதரம் கேட்டார்கள். எங்களுக்கு முதல்முதல் தந்த வேலை. பிழைத்தால் இனித் தரமாட்டார்கள். மா இடித்து முடிய, கொடிகாமத்திலிருந்து இழவுச் செய்தி வந்தது. என்ரை மனிசனின் பெரியப்பா மகன் மோசம் போய்விட்டார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகிற பண்டத்தைத் தொடவும் கூடாது, கொட்டிலுக்குள் கால் வைக்கவும் கூடாது. இடித்ததோ ஈர மா. பின்னேரத்துக்குள் பாகில் போடாவிட்டால் புளித்துவிடும்.

மனிசன் கொடிகாமம் போய்விட்டார். நான் வீட்டிலிருந்து போனை எடுத்து, அந்த எண்ணெய்ச் சட்டிக்காரியையே பாகுக்கு நிற்கச் சொன்னேன். நெருப்பைக் குறை என்றேன். கூட்டு என்றேன். கம்பி இழுக்குதோ என்றேன். கம்பி என்றால் எவ்வளவு என்று அவள் திருப்பிக் கேட்டாள். விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. முதல் சட்டி கல்லாகிப் போனது. மாவைக் கொட்ட முந்திக் கண்டபடியால் மா தப்பியது.

இரண்டாம் சட்டி வைத்ததும் திரும்பப் போன் எடுத்தேன்.

"அக்கா, போனை வையுங்கோ. நீங்கள் கதைக்கக் கதைக்கப் பாகு இறுகுது."

பின்னால் மற்றவர்கள் சிரிக்கிறது கேட்டது. எனக்குக் கோபந்தான். ஆனால் சட்டி அவளின்ரை கையில். கை திரும்பவும் போகும் என்று தெரிந்து, போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன்.

வெயில் தாழத்தான் வாளிக்குள் சத்தம் கேட்டது. குழைத்து வைத்துவிட்டோம், காலமை சுடுகிறோம், நீங்கள் எடுக்காதேங்கோ, நாங்கள் எடுக்கிறோம் என்றாள்.

அரியதரத்தை ஏற்றிக்கொண்டு என்ரை வீட்டைத் தாண்டிப் போகேக்கை படலையில் நின்று எட்டிப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. நான் சுடுவித்தால் அப்படி வராது. கோயில் ஆக்கள் குறை சொல்லவில்லை. வருகிற திருவிழாவுக்கும் சொல்லிவிட்டார்கள்.

துடக்குக் கழிந்து கொட்டிலுக்குப் போன முதல் நாளே, அவளோடு இன்னும் இரண்டு பேரைப் பாகுக்கு நிறுத்தினேன். நான் எட்டி நின்றேன். கையைக் கட்டலாம், வாயைத்தான் கட்ட ஏலவில்லை. நெருப்பு என்று தொடங்கினேன். அவள் அகப்பையால் வாசலைக் காட்டினாள். போய் மா அரித்தேன்.