இரண்டு பாஷை சபைக்கு ஒரே உபதேசியார்

உபதேசியார் வேலை மத்தள வேலை: ஒரு பக்கம் பாதிரியார் அடிப்பார், மறு பக்கம் சபையார் அடிப்பார்கள். அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் ஒரு மருமகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஆந்திர மாநிலம் தனியாகி, சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தீராமல் கிடந்த வருஷங்கள் அவை. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபை என் பொறுப்பில் இருந்தது. பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. பாதிரியார் எப்போதாவது சித்தூரிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான்.

பூனைக்குட்டி

திருப்பதி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். திருமலையில் கைங்கரியம் செய்யும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். என் கையிலிருந்த துண்டுப் பிரசுரத்தை அவரே கேட்டு வாங்கிப் படித்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஐரோப்பாவில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதையும், ஜெர்மனியில் ஒரு துறவி அதை எதிர்த்து நின்றதையும், மனுஷன் தன் கிரியைகளால், தான் செய்யும் புண்ணிய காரியங்களால், கரையேற முடியாது, கடவுளின் கிருபை ஒன்றே கரையேற்றும் என்று அவர் சொன்னதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். தங்களுக்குள்ளும் இந்த வழக்கு உண்டு, கோர்ட்டு வரைக்கும் போனது என்றார். குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. அதற்குள் ரயில் வந்துவிட்டது. என் மூட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "உங்க ஜெர்மனிக்காரர் சுத்தத் தென்கலை. அங்கேயும் கோர்ட்டுக்குப் போனாளோ?"

கதவில் ஆணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே துறவியைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். தன் ஆட்சேபணைகளை எழுதிக் கோயில் கதவில் அடித்தார் என்றேன். வேதத்தை அவரவர் சொந்தப் பாஷையில் கேட்க வேண்டும், விசுவாசிகள் எல்லாருமே ஆசாரியர்கள், கடவுளிடம் பேச நடுவில் ஒரு குரு தேவையில்லை என்றும் சொல்லிவைத்தேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் போனால் கதவில் இரண்டு காகிதம். ஆராதனை தமிழில்தான் என்று ஒன்று, தெலுங்கில்தான் என்று இன்னொன்று. கறையான் அரித்த பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. யார் வேலை என்று கேட்டேன். தமிழ்க் கட்சித் தலைவர் கொத்தனார் சாமுவேலும், தெலுங்குக் கட்சித் தலைவர் தையற்காரர் ஏசுரத்தினமும் கொஞ்சமும் கூசாமல் முன்னால் வந்தார்கள். சாமுவேல் சொன்னார்: "கதவுல அடிக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க. ஆணி எங்களுது, யோசனை உங்களுது."

எல்லாரும் ஆசாரியர்

அதற்கப்புறம் தமிழில் பாடினால் தெலுங்குக்காரர்கள் வெளியே போனார்கள், தெலுங்கில் வாசித்தால் தமிழர்கள். சபை இரண்டாகிவிடும் என்று நான் பயந்துகொண்டிருந்த சமயத்தில் சாமுவேலுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. நினைவு தப்பிவிட்டது. எல்லைத் தகராறில் ஹர்த்தால். பஸ் ஓடாததால் பாதிரியாரும் வர முடியவில்லை.

நான் போனபோது ஏசுரத்தினம் தன் ஆட்களோடு வந்து கட்டிலருகே நின்றிருந்தார். அதுவரை எனக்கு நிம்மதிதான். ஜெபிக்க வாயைத் திறந்ததும் ஒருவர், நோயாளி தமிழர், தமிழில் செய்யுங்கள் என்றார். அவர் பெண்சாதி தெலுங்கு என்றார் ஏசுரத்தினம். கட்டிலைச் சுற்றிக் குசுகுசுவென்று சண்டை ஆரம்பித்தது.

சாமுவேலின் மனைவி காந்தம்மா எழுந்தாள். "விசுவாசிங்க எல்லாரும் ஆசாரியருன்னு பிரசங்கம் பண்ணீங்களே ஐயா. நவுருங்க" என்றாள்.

நகர்ந்தேன். அவள் முழங்காலிட்டுத் தமிழில் தொடங்கினாள். நடுவில் ஊருக்கெல்லாம் சுவர் வைத்தவன் சொந்த வீட்டை அரைகுறையாக விட்டதைக் கடவுளிடம் முறையிட்டாள். 'மீரே திக்கு, தண்ட்ரி', நீரே கதி தகப்பனே, என்று தெலுங்கில் அழுது முடித்தாள். ஏசுரத்தினம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆமென் மட்டும் எல்லாரும் சேர்ந்து சொன்னோம்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. அவர் பிழைத்ததற்காக நடந்த ஸ்தோத்திர ஆராதனைக்கு இரண்டு கட்சியும் உள்ளேயே உட்கார்ந்தது. எந்தப் பாஷையில் பாடலாம் என்று பயந்துகொண்டே சாமுவேலைக் கேட்டேன். "எதுல வேணா பாடுங்க ஐயா. எம் பொஞ்சாதி ரெண்டு பாஷையிலயும் திட்டித்தான் தினம் என்னை எழுப்புவா. சாமியையும் அப்படியே எழுப்பிட்டா."

கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்று ஊர் ஊராகச் சொன்னேனே தவிர, என் சம்பளம் மட்டும் கடைசிவரை கிரியைகளைப் பார்த்துத்தான் வந்தது.